அப்பாவிடமிருந்து வந்தது பிரஷரா, உப்பை விடாத சிறுநீரகமா? – கேள்வி பதில்

சிறுநீரகப் பிரிவில் 26 ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். “எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிரஷர்தான்” என்று விதியைப் போலச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பரம்பரைப் பிரஷருக்குப் பல வீடுகளில் உப்பை விடாத சிறுநீரகம்தான் காரணம், அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ. மாத்திரையை மாற்றுவதோ நிறுத்துவதோ உங்கள் மருத்துவரைக் கேட்டுத்தான்.

ஈசூன், டாக்சி ஓட்டுநர், 52 வயது: அக்கா, தாத்தா, அப்பா, நான், மூன்று பேருக்கும் பிரஷர். ஆனால் பலதுறை மருந்தகத்தில் என் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்புறம் எப்படி சிறுநீரகம் காரணமாகும்?

தம்பி, அங்கே பார்த்தது இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை. கழிவு எவ்வளவு நன்றாக வெளியேறுகிறது என்று அது சொல்லும். உப்பை உங்கள் சிறுநீரகம் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று சொல்லாது.

சிறுநீரகம் ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. அதோடு போகும் சோடியத்தில் 99 விழுக்காட்டுக்கு மேல் திரும்ப இரத்தத்துக்கே வந்துவிடும். மீதியை விடுவதா, பிடிப்பதா என்பதில்தான் பிரஷரின் கதை இருக்கிறது. சிறுநீரகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு சின்ன வடிகட்டியிலிருந்தும் கிளம்பும் நுண்குழாய் சுற்றி வளைந்து, மறுபடி தன் வடிகட்டியின் வாசலையே தொட்டுக்கொண்டு போகும். தொடும் இடத்தில் உள்ள செல்கள் ஓடும் நீரில் உப்பு எவ்வளவு என்று ருசி பார்க்கின்றன. குறைந்தால் பக்கத்துச் செல்களுக்குச் சொல்லும். அவை ரெனினைச் சுரக்கும். இத்தனை சின்ன இடத்தில் இப்படி ஓர் ஏற்பாடா என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

ரெனின் ஒரு கத்தரிக்கோல் மாதிரி. கல்லீரல் அனுப்பும் ஒரு புரதத்தை அது வெட்டும். வெட்டிய துண்டை, நுரையீரலின் இரத்தக் குழாய்களில் நிறைய இருக்கும் ஏசிஇ என்ற நொதி இன்னொரு முறை வெட்டும். அப்போது கிடைப்பதுதான் ஆஞ்சியோடென்சின் 2. அது இரத்தக் குழாய்களை இறுக்கும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தட்டி ஆல்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். ஆல்டோஸ்டிரோன் நுண்குழாயின் கடைசிப் பகுதியில் சோடியம் உள்ளே வரும் கதவுகளைத் திறந்துவிடும். உப்பு வந்தால் தண்ணீரும் பின்னாலேயே வரும்.

இந்தச் சங்கிலியில் எங்கே கொஞ்சம் கூடினாலும், உண்ட உப்பை வெளியே தள்ளச் சிறுநீரகத்துக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டியிருக்கும். ஒருவருக்கு 120இல் வெளியேறும் உப்பு இன்னொருவருக்கு 150இல்தான் வெளியேறும். பல குடும்பங்களில் கைமாறி வருவது இதுதான் என்று நான் நம்புகிறேன். காரணம் சொல்கிறேன். பிரஷரால் சிறுநீரகம் பழுதான ஆறு பேரைப் பற்றி 1983இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. பிரஷர் இல்லாதவர்களின் சிறுநீரகத்தை அவர்களுக்குப் பொருத்தினார்கள். சராசரியாக நான்கரை ஆண்டு கழித்துப் பார்த்தால் ஆறு பேருக்கும் பிரஷர் சரியான அளவில் இருந்தது. இதயமும் இரத்தக் குழாய்களும் பழைய ஆளுடையவைதான்!

இங்கே சிங்கப்பூரில் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளிக்குத் தலைமை வகித்த தாமஸ் காஃப்மன், அமெரிக்காவில் இருந்தபோது தம் குழுவோடு எலிகளுக்குச் சிறுநீரகத்தை மாற்றிப் பொருத்திப் பார்த்தார். ஆஞ்சியோடென்சினுக்குச் செவிசாய்க்கும் ஏற்பி சிறுநீரகத்தில் இல்லாத எலிகளுக்கு அந்த ஹார்மோனைத் தொடர்ந்து செலுத்தியும் பிரஷர் பெரிதாக ஏறவில்லை. சிறுநீரகத்தில் மட்டும் ஏற்பி இருந்த எலிகளுக்கு ஏறியது. 2006இல் வெளியான முடிவு அது.

தெம்பனிஸ், ஆசிரியை: மரபணுச் சோதனை எடுத்துப் பார்க்கலாமா?

பெரும்பாலானவர்களுக்கு அதனால் பயனில்லை. நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரஷரைத் தள்ளுகின்றன. ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. ஒரே மரபணுவால் வரும் வகைகள் அபூர்வம். 1963இல் லிடில் என்ற மருத்துவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். பிரஷர் அதிகம், பொட்டாசியம் குறைவு, ஆனால் ஆல்டோஸ்டிரோனோ மிகக் குறைவு. ஹார்மோன் தட்டாமலே அவர்களின் சோடியக் கதவுகள் திறந்தே கிடந்தன. அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பிற்பாடு சிறுநீரகம் பழுதாகி மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியதும் அந்த நோயே போய்விட்டது. இளவயதில் கடுமையான பிரஷர், கூடவே குடும்பத்தில் சின்ன வயதுப் பக்கவாதம் என்று இருந்தால் மட்டும் நிபுணர் சோதனைக்குச் சொல்வார்.

உட்லண்ட்ஸ், ஒரு தாய்: மகனுக்கு 27 வயதுதான். 160/100. மூன்று மாத்திரை போட்டும் இறங்கவில்லை. பரம்பரை என்று விட்டுவிடுவதா?

விடவே விடாதீர்கள் அம்மா. ஆல்டோஸ்டிரோன்-ரெனின் விகிதம் பார்க்கும் இரத்தப் பரிசோதனை அவருக்கு வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிலருக்கு ரெனின் அடங்கிக் கிடக்கும். அட்ரினல் சுரப்பி யார் சொல்லும் இல்லாமலே ஆல்டோஸ்டிரோனைக் கொட்டிக்கொண்டிருக்கும். 2000இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு ஒன்றில் பிரஷர் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கு இது இருந்தது. ஆல்டோஸ்டிரோன் கூடினால் பொட்டாசியம் இறங்கலாம், ஆனால் பொட்டாசியம் சரியாக இருக்கிறதே என்று தள்ளிவிடவும் முடியாது. இந்த நோய் உள்ள பலருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும். ஒரு பக்கச் சுரப்பி மட்டும் காரணமென்றால் அறுவை சிகிச்சையில் அகற்றலாம். இரண்டு பக்கமும் என்றால் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை உண்டு. என் சொந்த அத்தை மகனுக்கு இதைக் கண்டுபிடிக்க 11 ஆண்டுகள் ஆயின. “குடும்ப வாகு” என்றே எல்லாரும் சொன்னோம், நானும்தான். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செங்காங்: எனலாப்ரில் போட்டதிலிருந்து என் மனைவிக்கு வறட்டு இருமல். மாத்திரைதான் காரணமா?

இருக்கலாம். ‘ப்ரில்’ என்று முடியும் மாத்திரைகள் ஏசிஇயைத் தடுப்பவை. பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பதும் அதே ஏசிஇதான். அதைத் தடுத்தால் பிராடிகைனின் சேர்ந்து தொண்டையைக் கிளறும். லோசார்டான் போல ‘சார்டான்’ என்று முடிபவை ஆஞ்சியோடென்சினின் ஏற்பியை மட்டும் அடைப்பதால் இருமல் குறைவு. மாற்றித் தரக் கேளுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால் காத்திருக்காமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். இந்த மாத்திரை வகைக்கு வழிகாட்டியது பிரேசில் நாட்டு விரியன் பாம்பொன்றின் விஷம். முதல் மாத்திரையான காப்டோப்ரிலுக்கு அமெரிக்காவில் 1981இல் அனுமதி கிடைத்தது.

பொங்கோல்: லோசார்டான் போடுகிறேன், குழந்தைக்கு முயற்சி செய்கிறோம்.

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். ‘ப்ரில்’, ‘சார்டான்’ இரண்டுமே வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கருவுற்றவர்களுக்கு ஏற்ற வேறு மாத்திரைகள் இருக்கின்றன.

தேக்கா, நாட்டு மருந்து வாங்க வருபவர்: தொண்டைக்கு தினமும் அதிமதுரம் சாப்பிடலாமா?

பிரஷர் இருந்தால் வேண்டாம். ஆல்டோஸ்டிரோனின் பூட்டுக்குக் கார்டிசால் என்ற ஹார்மோனும் சாவியாகப் பொருந்தும். அதை அண்டவிடாமல் ஒரு நொதி சிறுநீரகத்தில் காவல் நிற்கிறது. அதிமதுரம் அந்தக் காவலை முடக்கிவிடும். பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அபூர்வமாகச் சில குழந்தைகள் அந்தக் காவல் இல்லாமலே பிறக்கிறார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது வரும் என்பதால், சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த குடும்பங்களில் அதிகம்.

ஜூரோங், கட்டுமான ஊழியர்: வெயிலில் வேர்த்துக் கொட்டுகிறது. உப்பு கூடுதலாக வேண்டாமா?

தம்பி, வெயிலுக்குப் பழகிய உடம்பில் ஆல்டோஸ்டிரோன் வியர்வைச் சுரப்பியிலும் வேலை செய்து உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். சாப்பாட்டில் இருக்கும் உப்பே பொதுவாகப் போதும். 2022 கணக்குப்படி சிங்கப்பூரர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் சாப்பிடுகிறார், வரம்பு 2,000. மீ சூப்பின் கடைசிச் சொட்டு, ஊறுகாய், அப்பளம், கருவாடு, கறிக் குழம்பை ஊற்றிப் பிசைவது, எல்லாம் கணக்கில் சேரும். பொட்டாசியம் கலந்த உப்பு நல்லதுதான். ஆனால் ‘ப்ரில்’, ‘சார்டான்’, ஸ்பைரோனோலாக்டோன் போடுபவர்களும் சிறுநீரக நோயாளிகளும் கேட்காமல் தொடக்கூடாது, பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

ஈசூன் டாக்சி ஓட்டுநர் மறுபடியும்: மகனுக்கு 19. அவனுக்கு என்ன செய்வது?

வீட்டிலேயே அளக்கப் பழக்குங்கள். காப்பி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து, கால் இரண்டும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றாதீர்கள். கையைச் சாப்பாட்டு மேசையில் இதய மட்டத்துக்கு வைத்து இரண்டு முறை அளந்து குறித்து வையுங்கள். 135/85க்கு மேலேயே நின்றால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தாத்தாவுக்கும் உங்களுக்கும் எந்த வயதில் தொடங்கியது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.