மேகம் மலையில் முட்டி உடைவதில்லை

கேள்வி: கல்லிடைக்குறிச்சிப் பக்கம் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். மழை மறைவுப் பிரதேசத்துக்கு, அதாவது மலைக்கு மறுபக்கம் மழை எட்டாத பகுதிக்கு, படம் போட்டுக் காட்டினால் அச்சு அசலாக வரைந்துவிடுகிறார்கள். ஆனால் ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே இருக்கிற ராதாபுரத்தில் ஏன் வெறும் காற்று மட்டும் என்று கேட்டால் முழிக்கிறார்கள். அனிமேஷன் வீடியோ காட்டலாமா?

வீடியோவுக்கு அவசரப்படாதீர்கள். பிள்ளைகள் படத்தை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார்கள், கோளாறு படத்தில். மலை ஒரு பெரிய முக்கோணம், அதை ஒட்டி ஒரு மேகம், கீழே நீலக் கோடுகள் என்று இருந்தால், "மேகம் மலையில முட்டி ஒடையுது சார்" என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்? பெரியவர்களிலும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

முதலில் அளவு. திருவனந்தபுரம் கடற்கரைக்கும் திருச்செந்தூர் கடற்கரைக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கரும்பலகையில் கோடு போட்டு, அதே அளவில் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற அகத்தியமலையை ஒரு பையனை விட்டு வரையச் சொல்லுங்கள். 1868 மீட்டர் சிகரம் இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். இவ்வளவு சின்ன மேடு எப்படி மழையைத் தடுக்கிறது என்று அவர்களே கேட்பார்கள், அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் படமே.

அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொருவரையும் ஒரு பொட்டலம் காற்றாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அரபிக்கடல் ஓரத்தில் 28 டிகிரி, உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நீராவி. மலை மேலே தள்ளுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைந்து, விரிந்து, 100 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குளிர்கிறீர்கள். 500 மீட்டரில் மேகம் கட்டத் தொடங்குவதாக வைத்துக்கொண்டால் அங்கே 23. நீராவி நீராகும்போது வெப்பத்தை விடுவதால் அதற்கு மேல் குளிர்வது பாதியாகக் குறைந்து, 1800 மீட்டரில் 16 அல்லது 17 டிகிரி. தண்ணீரைக் கேரளப் பக்கமே கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது மறுபடி 100 மீட்டருக்கு ஒரு டிகிரி சூடு ஏறுகிறது, சமவெளிக்கு வரும்போது 34 தாண்டிவிடும். கிளம்பியபோது 28! எளிமைப்படுத்திய கணக்குதான், ஆனால் இதைத் தானே போட்டுப் பார்த்த பிள்ளைக்கு ராதாபுரத்துக் காற்றாலைகளும் வறண்ட காற்றும் புரிந்துவிடும்.

இப்போது படத்தைக் கவிழ்க்கிற கேள்வியைப் போடுங்கள்: குற்றாலமும் மலைக்குக் கிழக்கேதானே இருக்கிறது, அங்கே மட்டும் எப்படிச் சாரல்? செங்கோட்டைப் பக்கம் மலைத்தொடர் தாழ்ந்து கணவாயாக இருப்பதால் ஈரக்காற்று நுழைந்து வருகிறது என்பதை உடனே சொல்லிவிடாதீர்கள், வரைபடத்தைக் கொடுத்துத் தேடவிடுங்கள்.

கற்பனை எல்லாம் விஞ்ஞானத்துக்கு எதற்கு என்று சக ஆசிரியர் யாராவது கேட்டால் மின்சாரத்தையும் காந்தத்தையும் ஆராய்ந்த விஞ்ஞானி ஃபாரடேயைச் சொல்லுங்கள். கணிதம் அதிகம் படிக்காத அவர் காந்தத்தைச் சுற்றி விசைக்கோடுகளை மனக்கண்ணில் பார்த்தார். அதற்கான சமன்பாடுகளை மாக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் பிறகுதான் எழுதினார்.

அனிமேஷனைக் கடைசியில் காட்டுங்கள், அதுவும் சத்தத்தை நிறுத்திவிட்டு, நடப்பதைப் பிள்ளைகளே சொல்லும்படி. முதலிலேயே காட்டினால் அவர்கள் நினைத்துப் பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது. பரீட்சைக்குப் பாடப்புத்தகப் படமே போதும், மதிப்பெண் அதற்குத்தான். கீழே 'உயரம் அளவுப்படி இல்லை' என்று ஒரு வரி மட்டும் எழுதச் சொல்லுங்கள்.