தோட்டத்துக்குள் அதிகாரி வரலாமா?

கேள்வி: நீலகிரி மாவட்டம் கேத்தியில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறேன். வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டுமென்று என் அனுமதியின்றி அதிகாரிகள் தோட்டத்துக்குள் வரலாமா?

பதில்: வரலாம், ஆனால் நினைத்த நேரத்தில் அல்ல. 1919ஆம் ஆண்டின் வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டப்படி, அரசு அறிவிக்கை (அரசிதழில் வெளியிடும் முறையான அறிவிப்பு) செய்துள்ள பூச்சி அல்லது நோய்க்காக, அறிவிக்கப்பட்ட பகுதியில், நிலத்தை அனுபவிப்பவருக்கு நியாயமான முன்னறிவிப்புக் கொடுத்த பிறகு ஆய்வு அலுவலர் உள்ளே வந்து பார்க்கலாம். அவர் உத்தரவிட்ட தடுப்பு நடவடிக்கையை நீங்கள் செய்யத் தவறினால், அதைத் தாமே செய்வித்து, செலவை நிலவரி பாக்கியைப் போல் உங்களிடம் வசூலிக்கவும் முடியும் என்பதே இச்சட்டத்தின் உண்மையான பிடி. ஆகவே, வாசலில் வாக்குவாதம் செய்வதைவிட அறிவிக்கையின் நகலைக் கேட்டு வாங்குவது மேல்.

1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட இந்த நூற்புழுவின் முட்டை நிறைந்த கூடுகள், செடியைப் பிடுங்கினால், வேரில் குண்டூசித் தலையளவு மஞ்சள் மணிகளாகத் தெரியும். ஒட்டிய மண்ணோடு அவை அடுத்த தோட்டத்துக்கும் போகும் என்பதால், வரும் அதிகாரியைக் காலணியைக் கழுவிவிட்டு இறங்கச் சொல்லவும் தயங்க வேண்டாம்.