கால்வாயை மீட்பது: வாய், வாட்டம், அகலம் (கேள்வி பதில்)

வைகையின் கிளைக்கால்கள், கண்மாய் வரத்துக்கால்கள் (தண்ணீர் கொண்டுவருபவை), மறுகால்கள் (மிகுந்த நீரை வெளியேற்றுபவை) பற்றி மதுரைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

செல்லூர்: அண்ணே, 2024 அக்டோபர் மழையில எங்க தெருவெல்லாம் தண்ணி. பந்தல்குடி கால்வாயை இன்னும் ஆழமாத் தோண்டினாப் போதுமா?

போதாது. கால்வாய் ஆற்றில் சேரும் இடத்தின் மட்டத்துக்குக் கீழே தோண்டும் ஆழம் எதற்கும் உதவாது. அங்கே தண்ணீர் ஓடாது, தேங்கி நிற்கும். ஒரே பருவத்தில் சேறு மூடிவிடும்.

கணக்காகச் சொல்கிறேன். அடி அகலம் 3 மீட்டர், ஓடும் ஆழம் 1 மீட்டர், கரைச்சரிவு 1-க்கு 1.5 (ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் அகலம்), கிலோமீட்டருக்கு 1 மீட்டர் வாட்டம் (அடியின் சரிவு) உள்ள மண் கால்வாய் சுத்தமாக இருந்தால் நொடிக்குச் சுமார் 3.7 கன மீட்டர், அதாவது 130 கன அடி தள்ளும். கோரையும் ஆகாயத்தாமரையும் அடைத்தால் அதில் பாதிதான். ஆனால் 100 ஹெக்டேர் குடியிருப்பில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்து, அதில் 60 சதவீதம் வழிந்து வந்தாலே நொடிக்கு 8.3 கன மீட்டர் வரும். இந்த இடைவெளியை ஆழத்தால் அடைக்க முடியாது. அகலத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும், மேலே இருக்கும் கண்மாயில் இடம் வைக்க வேண்டும். கனமழை எச்சரிக்கை வந்ததும் ஷட்டரைத் திறந்து கண்மாயை இரண்டடி இறக்கிவைத்தால் அந்தக் கொள்ளளவு மழைநீருக்குக் கிடைக்கும். நிரம்பித் தளும்பும் கண்மாய் வெள்ளத்தைத் தாங்காது, அப்படியே கீழே அனுப்பிவிடும்.

அதே கேள்வியின் தொடர்ச்சி: அப்ப கான்கிரீட் போட்டுட்டா?

வழவழப்பால் ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் போகும், உண்மை. ஆனால் வெள்ளம் அதே வேகத்தில் கீழ்ப்பகுதிக்குப் போய்ச் சேரும், நிலத்தடிக்கு இறங்காது. வீடுகள் நெருக்கும் இடத்தில் பக்கச்சுவர் தவிர்க்க முடியாது. அங்கும் அடிப்பகுதியை மண்ணாகவே விடுங்கள் என்பது என் கருத்து. நொடிக்கு 1 மீட்டருக்கு மேல் வேகம் வரும் இடங்களில் மட்டும் அரிப்பைத் தடுக்க அடியில் குறுக்கே கல் பதித்தால் போதும்.

துவரிமான்: ஆத்துல தண்ணி போகுது, எங்க வாய்க்காலோட வாய்க்குள்ள (ஆத்துத் தண்ணி நுழையுற இடம்) ஏறவே மாட்டேங்குது. வாயைக் கீழ வெட்டிவிடலாமா?

தயவுசெய்து வெட்டாதீர்கள். மணல் அள்ளியதால் ஆற்றுப்படுகை இறங்கி, கால்வாயின் வாய் மேலே தொங்குவதுதான் இதற்கு வழக்கமான காரணம். வாயை இறக்கினால் முதல் வெள்ளத்திலேயே மணல் புகுந்து அடைக்கும். பெருவெள்ளம் வந்தால் கட்டுப்பாடே இல்லாமல் ஊருக்குள் பாயும்.

முதலில் மட்டம் எடுங்கள்: ஆற்றுப்படுகை, வாய்ப்படி (வாயின் அடித்தளம்), பிறகு கால்வாயின் அடி 50 மீட்டருக்கு ஒரு புள்ளி. அதன்பின் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வாய்க்குச் சற்றுக் கீழே ஆற்றின் குறுக்கே தாழ்வான தடுப்பணை. இதை நீர்வளத்துறைதான் செய்ய வேண்டும். நகருக்குள் ஓபுளா படித்துறைப் பக்கம் இருப்பது போன்ற அமைப்பு. இன்னொன்று, வாயையே மேலே நகர்த்துவது. ஆற்றுப்படுகை கிலோமீட்டருக்கு 1 மீட்டரும் கால்வாய் அரை மீட்டரும் இறங்கினால், ஒரு கிலோமீட்டர் மேலே போனதும் அரை மீட்டர் உயரம் கிடைத்துவிடும்.

ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரையில் வாய் வையுங்கள். அடிமணல் உள்வளைவுக்கே ஒதுங்கும். வாய்ப்படி படுகையைவிட 30 முதல் 45 செ.மீ. உயரமாக இருக்கட்டும். ஷட்டர் கட்டாயம் வேண்டும்.

அவனியாபுரம்: கால்வாய் இருந்த இடமே தெரியல. எங்க தொடங்குறது?

கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு (புல எண்வாரியான நிலப்பதிவு), புலப்படம் (நில அளவை வரைபடம்) இரண்டும் பாருங்கள். ஓடை, வாய்க்கால் என்று பதிவான புல எண்களைக் கண்மாயிலிருந்து வரிசையாகக் கோர்த்தால் தடம் தெரியும். பழைய படங்களின் அளவு லிங்க்கில் இருக்கும். ஒரு லிங்க் 0.66 அடி. இதை மீட்டர் என்று படித்துத் தப்பாகக் கல் நட்ட இடங்கள் உண்டு. சர்வேயர் எல்லைக்கல் நட்ட பிறகே இயந்திரம் இறங்கலாம். ஆக்கிரமிப்பை அகற்றக் கண்மாய்களுக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டமும், மற்ற அரசு நிலங்களுக்கு 1905-ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன.

தோண்டுவதைக் கடைமடைப் பக்கம் (கால்வாயின் கீழ்க்கோடி) தொடங்கி மேல்நோக்கி வாருங்கள். நடுவில் மழை வந்தாலும் தண்ணீர் வடிந்துவிடும். எடுத்த மண்ணைக் கரை விளிம்பில் குவித்தால் அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளும். குறைந்தது கால்வாய் ஆழத்தின் அளவுக்காவது தள்ளிப் போடுங்கள்.

திருப்புவனம்: வயலுக்குப் போற பாதையில ரெண்டு அடி ஹியூம் பைப் ஒண்ணு போட்டிருக்கோம். சரியா?

சரியில்லை. 600 மி.மீ. குழாய் ஒன்று நொடிக்கு அரை கன மீட்டர் அளவுதான் விடும். செல்லூர் பதிலில் சொன்ன கால்வாய்க்கு எட்டுக் குழாய் வேண்டும், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக்கில் அடைக்கும். ஒரே கண் (நீர் போகும் திறப்பு) வைத்த சிறுபாலம் கட்டுங்கள்.

சோழவந்தான்: சீமைக்கருவேலம் வெட்ட வெட்ட முளைக்குதே?

தரையோடு வெட்டினால் முளைக்கத்தான் செய்யும். தரைக்குக் கீழே ஓரடி வரை வேர்க்கழுத்தோடு பெயர்த்தெடுக்க வேண்டும். அடுத்த மழைக்குப் பிறகு கன்றுகளைக் கையால் பிடுங்குங்கள். வெறுமையாக விட்ட கரையில் மறுபடி அதுவேதான் வரும் என்பதால், விளிம்பில் வெட்டிவேரும் நொச்சியும், மேலே நீர்மருதும் புங்கமும் உடனே நடுங்கள்.

சாமநத்தம்: பறவை வர்ற கண்மாய்ங்க. தூர்வாரினாப் போயிடுமா?

எல்லாவற்றையும் ஒரே மட்டமாகச் சுரண்டினால் போய்விடும். உள்ளான் போன்றவற்றுக்கு முழங்காலளவுகூட இல்லாத சேற்று விளிம்பு வேண்டும். முக்குளிப்பானுக்கு ஆழம் வேண்டும். விராலும் கெளுத்தியும் கோடையைத் தாண்ட ஒரு மடு வேண்டும். ஆகவே கரைப்பக்கம் 1-க்கு 8 அல்லது 10 என்று மெல்லச் சரியட்டும். அடியில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் ஒரு மீட்டர் கூடுதலாகப் பள்ளம் விடுங்கள். கோரையை ஒரு வருடம் ஒரு கரை, மறு வருடம் மறு கரை என்று மாற்றி அறுங்கள். கூடு இருக்கும் கருவேலமரத்தைக் குஞ்சு பறக்கும் வரை தொடாதீர்கள்.

கிருதுமால் கரை: சாக்கடை ஓடுற கால்வாயில எடுத்த சேத்தை வயலுக்கு அடிக்கலாமா?

வேண்டாம். பட்டறைக் கழிவு கலந்திருந்தால் ஈயம், குரோமியம் மண்ணில் தங்கிவிடும். கண்மாய் வண்டல் வேறு. அதை எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி வாங்குங்கள். கிருதுமால் நதியில் கழிவுநீர்க் குழாயைத் திருப்பாமல் ஆகாயத்தாமரையை மட்டும் வாரினால் சில வாரங்களில் மறுபடி மூடும், ஏனென்றால் அதற்கு உரமே அந்தச் சாக்கடைதான்.

மேலூர்: எந்த மாசம் வேலை பார்க்கலாம்?

ஏப்ரல், மே. பெரியாறு பாசனத் தண்ணீர் ஜூனில் திறக்கக்கூடும், அதற்குள் ஷட்டரை ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள். செப்டம்பர் கடைசியில் மறுபடி ஒருமுறை கால்வாய் நெடுக நடந்து, சிறுபாலக் கண்களில் சிக்கிய குப்பையை எடுங்கள்.