எத்தனை எச்.பி. என்று கேட்கும் முன்: பம்புசெட் கேள்வி பதில்

கிணறு, பம்பு, சொட்டுநீர் பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வேளாண் பொறியியல் பேராசிரியர் ஒருவரின் பதில்கள்.

உடுமலை: ஐயா, 3 ஏக்கர் தென்னை, திறந்த கிணறு. எத்தனை எச்.பி. (குதிரைத்திறன்) மோட்டார் வாங்கலாம்?

ஏக்கரை வைத்து எச்.பி. சொல்ல முடியாது. விநாடிக்கு எத்தனை லிட்டர் வேண்டும், எத்தனை மீட்டர் ஏற்ற வேண்டும், இந்த இரண்டும் தெரிய வேண்டும். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கோடையில் தண்ணீர் மட்டம் பம்புக்கு 5 மீட்டர் கீழே. தொட்டி 12 மீட்டர் மேலே. 130 மீட்டர் நீளத்துக்கு 75 எம்.எம். பிவிசி குழாய், அதில் உராய்வு சுமார் 3 மீட்டர். மொத்தம் 20 மீட்டர். விநாடிக்கு 5 லிட்டர் வேண்டுமென்றால் 5 × 20 = 100; ஒரு எச்.பி. என்றால் விநாடிக்கு 75 கிலோவை ஒரு மீட்டர் ஏற்றுவது, அதனால் 75-ஆல் வகுத்தால் 1.33. பம்பின் திறன் 50 சதவீதம் என்று வைத்தால் 2.67. ஆக 3 எச்.பி.

இதே தண்ணீரை 63 எம்.எம். குழாயில் தள்ளினால் 100 மீட்டருக்கே உராய்வு 6 மீட்டரை நெருங்கும். குழாயில் மிச்சம் பிடித்த காசை மோட்டாரில் கொடுப்பீர்கள். உங்கள் கிணற்றின் அளவுகளை எடுத்து இதே வரிசையில் போட்டுப் பாருங்கள்.

மணப்பாறை: சார், 5 ஏக்கருக்கு 7.5 எச்.பி. போதுமா?

மேலே இருக்கும் பதிலைப் படியுங்கள். தண்ணீர் மட்டத்தை அளந்தீர்களா?

பெருந்துறை: தண்ணீர் 35 அடிக்கு இறங்கிவிட்டது. மேலே இருக்கும் 5 எச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) இழுக்கவில்லை. 7.5 போட்டால் இழுக்குமா?

இழுக்காது. 50 எச்.பி. போட்டாலும் இழுக்காது. பம்பு தண்ணீரை இழுப்பதே இல்லை. குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். வெளியே இருக்கும் காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்தக் காற்றால் அதிகபட்சம் 10.3 மீட்டர்தான் தள்ள முடியும். ஃபுட் வால்வு (குழாயின் அடி நுனியில் உள்ள வால்வு), பெண்டு (வளைவு), உராய்வு எல்லாம் போக நடைமுறையில் 6 முதல் 7 மீட்டர், அதாவது 20 முதல் 23 அடி. மோனோபிளாக்கைக் கிணற்றுக்குள் திட்டு கட்டி இறக்குங்கள், அல்லது ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் (கிணற்றுத் தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்பு) போடுங்கள்.

அந்தியூர் (மேலே உள்ளதற்கு மறுப்பு): எங்கள் தோட்டத்தில் 40 அடி சக்‌ஷன் குழாய் (தண்ணீரிலிருந்து பம்பு வரை வருவது), பம்பு மேலேதான், நன்றாக ஓடுகிறது. புத்தகக் கணக்கு வேறு, கிணறு வேறு.

குழாய் 40 அடி இருக்கலாம். தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது? கணக்கு பம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரைதான், ஃபுட் வால்வு வரை அல்ல. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் குழாயில் உராய்வு உண்டு, ஏற்றம் கிடையாது. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அந்தியூர்: அளந்தேன். மோட்டார் ஓடும்போது 19 அடி. ஆனால் பக்கத்துத் தோட்டத்து கம்ப்ரசர் 200 அடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுக்கிறதே, அது எப்படி?

19 அடி என்றால் புத்தகமும் கிணறும் ஒன்றுதான். கம்ப்ரசர் இழுப்பதில்லை. காற்றைக் கீழே அனுப்பி, நீரும் காற்றும் கலந்த லேசான கலவையாக்கி மேலே தள்ளுகிறது. ஜெட் பம்பும் மேலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கீழே அனுப்பி நாசில் (குறுகிய வாய்) வழியாகத் தள்ளுவதுதான். இரண்டுக்கும் 7 மீட்டர் வரம்பு இல்லை. ஆனால் திறன் மிகக் குறைவு. மின்சாரம் இலவசம் என்பதால் யாரும் கேட்பதில்லை.

ஊட்டி: இங்கே 6 மீட்டரிலேயே திணறுகிறது. பம்பு பழுதா?

நல்ல கேள்வி. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சுமார் 7.9 மீட்டர் நீருக்குத்தான் சமம். பம்பை 4 மீட்டருக்குள் வையுங்கள்.

பழுது என்று முடிவு செய்யும் முன் சக்‌ஷன் பக்கத்தைப் பாருங்கள். குழாய் பம்பை நோக்கி ஒரே சீராக ஏற வேண்டும். நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்று தங்கும். பெரிய குழாயைச் சிறியதோடு சேர்க்கும் ரெடியூசரின் தட்டையான பக்கம் மேலே இருக்க வேண்டும். கிளாண்டில் (பம்பின் தண்டைச் சுற்றிய அடைப்பு) சொட்டுச் சொட்டாக நீர் கசிவது சரி. காய்ந்திருந்தால் அதன் வழியே காற்று புகும். ஃபுட் வால்வு தண்ணீருக்குள் இரண்டடியாவது இருக்கட்டும்.

தாராபுரம்: 10 எச்.பி. வாங்கி வைத்துக்கொண்டால் பின்னால் உதவுமே?

உதவாது. 40 மீட்டர் ஹெட் (ஏற்ற உயரம்) பம்பை 15 மீட்டரில் ஓட்டினால் தண்ணீர் அதிகம் கொட்டும், ஆம்பியர் ஏறும், மோட்டாரின் காயில் கருகும். வாங்கியாகிவிட்டது என்றால் டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடி, ஆம்பியரைப் பெயர்ப்பலகை அளவுக்குள் கொண்டுவாருங்கள். தண்ணீர் மட்டம்?

தேனி: சொட்டுநீரில் ட்ரிப்பர் (நீர் சொட்டும் துளை) அடைப்பு, வெள்ளையாகப் படிகிறது.

வெள்ளை என்றால் சுண்ணாம்பு உப்பு, அமிலம் கேட்கும். 10 லிட்டர் பக்கெட்டில் உங்கள் கிணற்றுத் தண்ணீரை எடுத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மில்லி மில்லியாக விட்டு, பிஎச் (அமிலத்தன்மை காட்டும் அளவு) தாளில் 4 வரும்வரை கணக்கு வையுங்கள். 10 மில்லி பிடித்தால் லிட்டருக்கு 1 மில்லி. நிமிடத்துக்கு 300 லிட்டர் ஓடும் அமைப்புக்கு நிமிடத்துக்கு 300 மில்லி. கடைசி ட்ரிப்பரில் பிஎச் 4 வந்ததும் நிறுத்தி, ஒரு நாள் அப்படியே விட்டு, லேட்டரல் (ட்ரிப்பர்கள் உள்ள சிறு குழாய்) முனைகளைத் திறந்து கழுவுங்கள்.

தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் போடுபவர்கள் அதே நாளில் அமிலம் போடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். பழுப்பாகப் படிந்தால் அது இரும்பு. தண்ணீரைத் தொட்டியில் காற்றுபட விழவிட்டு, தெளிந்த பின் எடுக்க வேண்டும்.

சேத்தியாத்தோப்பு: ரோட்டவேட்டர் ஓட்டி ஓட்டி அடிமண் இறுகிவிட்டது.

உளிக் கலப்பை, அரை மீட்டர் இடைவெளியில், நெடுக்கும் குறுக்குமாக, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை. கோடையில் மண் காய்ந்திருக்கும்போது ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் கோடு கிழிக்குமே தவிர அடிமண் உடையாது.

திருமங்கலம்: மூன்று பேஸில் இரண்டு பேஸ் மின்சாரம் மட்டும் வரும்போது கண்டென்சர் போட்டு ஓட்டலாமா?

கூடாது.

அரூர்: சோலார் பம்பு மானியம் யாரிடம் கேட்பது?

வேளாண்மைப் பொறியியல் துறை, உங்கள் கோட்டத்து உதவிச் செயற்பொறியாளர் அலுவலகம்.

மேலூர்: ஐயா, 2 ஏக்கருக்கு எத்தனை எச்.பி...

தண்ணீர் மட்டம் எத்தனை அடி? 200 லிட்டர் டிரம் இப்போது எத்தனை விநாடியில் நிறைகிறது? 40 விநாடி என்றால் விநாடிக்கு 5 லிட்டர். இந்த இரண்டு எண்ணும் இல்லாமல் வரும் எச்.பி. கேள்விகளுக்கு இனி பதில் எழுதப் போவதில்லை.