உயர்நிலைப் பள்ளிப் பாடத் தேர்வும் கல்லூரி கிரெடிட்டும்: பெற்றோர் கேள்விகள் சில

அமெரிக்கப் பள்ளிகளில் அடுத்த கல்வியாண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே வீட்டுக்கு வந்துவிடும். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் அதையொட்டி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதிலளித்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. பள்ளி நாட்களில் பெறும் கல்லூரி கிரெடிட்டுக்கு (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகுக்கு) என்ன மதிப்பு என்பதைத் தேர்வு நடத்தும் அமைப்போ பள்ளியோ தீர்மானிப்பதில்லை, பின்னாளில் பிள்ளை சேரப்போகும் கல்லூரியே தீர்மானிக்கிறது.

என் மகள் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 படிக்கிறாள். ஒன்பதாம் வகுப்பிலேயே ஏ.பி. பாடங்களை (பள்ளியில் நடக்கும் கல்லூரி நிலைப் பாடங்களை) தொடங்காவிட்டால் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் எட்டாக்கனி என்று தோழிகள் சொல்கிறார்கள். உண்மையா? (ஒரு தாய், ஃபிரிஸ்கோ, டெக்சஸ்)

இதில் உண்மையும் இருக்கிறது, மிகைப்படுத்தலும் இருக்கிறது. டெக்சஸில் ஏ.பி. பாடங்களின் மீதுள்ள இந்த வேகத்துக்குக் காரணம் கல்லூரி கிரெடிட்டைவிடத் தர வரிசைதான். பள்ளியின் தர வரிசையில் முதல் 10 விழுக்காட்டுக்குள் வரும் மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தாமாகவே இடம் கிடைக்க 1997-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ஆஸ்டினுக்கு மட்டும் இந்த வரம்பு படிப்படியாகச் சுருங்கி 6 விழுக்காட்டுக்கு வந்து, 2026 இலையுதிர் பருவத்தில் சேர்வோரிலிருந்து 5 விழுக்காடாகியிருக்கிறது. பல கல்வி மாவட்டங்கள் தர வரிசைக்கான ஜி.பி.ஏ.வை (சராசரி மதிப்பெண் புள்ளியை) கணக்கிடும்போது ஏ.பி. பாடங்களுக்குக் கூடுதல் எடை தருவதால், ஒன்றிரண்டு பாடங்களில் பின்தங்கினாலும் வரிசையில் பல இடங்கள் கீழே போக நேரிடுகிறது.

ஆகவே முதலில் உங்கள் மாவட்டத்தின் பாடக் கையேட்டைப் படியுங்கள். எந்தப் பாடங்கள் தர வரிசைக் கணக்கில் சேரும், எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவின் மதிப்பெண் அதில் சேருமா, கம்யூனிட்டி கல்லூரி (இரண்டாண்டு உள்ளூர் அரசுக் கல்லூரி) பாடத்துக்கு ஏ.பி.க்கு நிகரான எடை உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் மாவட்டத்துக்கு மாவட்டம் விடை மாறும். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. தானாகக் கிடைக்கும் இடம் பல்கலைக்கழகத்துக்கு உரியதே தவிர, விரும்பிய துறைக்கு உரியதன்று. கணினி அறிவியல், பொறியியல், வணிகம் போன்ற துறைகளுக்கு விண்ணப்பங்களைத் தனியாகப் பரிசீலிக்கிறார்கள்.

கணிதத்தைப் பொறுத்தவரை உங்கள் மகள் சரியான படியில்தான் நிற்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் ஜியோமெட்ரி, பத்தில் அல்ஜீப்ரா 2, பதினொன்றில் பிரீகால்குலஸ், பன்னிரண்டில் ஏ.பி. கால்குலஸ் என்று வரிசை இயல்பாக அமையும். பிரீகால்குலஸ் 2023 முதல் ஏ.பி. பாடமாகவும் கிடைக்கிறது. ஒரு முழு ஆண்டுப் பாடத்தைக் கோடை விடுமுறையின் சில வாரங்களில் முடித்து ஒரு படி தாண்டும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அல்ஜீப்ராவில் விடுபட்ட அடிப்படைகள் கால்குலஸ் வகுப்பில்தான் வெளிப்படும், அப்போது அவற்றைச் சரிசெய்ய நேரம் இருக்காது. ஒன்பதாம் வகுப்பில் ஏ.பி. எடுத்தே ஆக வேண்டுமென்றால் மனிதப் புவியியல் ஒன்று போதும். அதுவும் நிறைய வாசிக்கவும் எழுதவும் விருப்பமுள்ள பிள்ளைக்கே.

மகன் பத்தாம் வகுப்பில் இருக்கிறான். அடுத்த ஆண்டு பள்ளியில் ஏ.பி. எடுப்பது நல்லதா, அருகிலுள்ள கம்யூனிட்டி கல்லூரியில் டூயல் என்ரோல்மென்ட் (பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடம் எடுக்கும் முறை) வழியாகப் படிப்பது நல்லதா? (ஒரு தந்தை, ஃபிரீமான்ட், கலிபோர்னியா)

கலிபோர்னியாவில் இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டிய தேவை மற்ற மாநிலங்களைவிடக் குறைவு. கலிபோர்னியா பல்கலைக்கழகம் பத்து, பதினொன்றாம் வகுப்புகளின் மதிப்பெண்களை வைத்தே ஜி.பி.ஏ. கணக்கிடுகிறது. ஏ.பி. பாடத்துக்குத் தரும் கூடுதல் புள்ளியைத் தன்னால் ஏற்கத்தக்க கல்லூரிப் பாடத்துக்கும் அது தருகிறது. ஆனால் அந்தக் கூடுதல் புள்ளி அதிகபட்சம் எட்டு செமஸ்டர்களுக்கு மட்டுமே, அவற்றிலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் சேராது. அந்த எல்லையைத் தாண்டி எடுக்கும் பாடங்கள் மாணவரின் ஆர்வத்தையும் உழைப்பையும் காட்டும், ஆனால் இந்தக் கணக்கை உயர்த்தா.

கம்யூனிட்டி கல்லூரிக்குச் சில வசதிகள் உண்டு. ஒரு யூனிட் கிரெடிட்டுக்கான 46 டாலர் கட்டணத்தைப் பள்ளி மாணவர்களுக்குப் பெரும்பாலான கல்லூரிகள் தள்ளுபடி செய்கின்றன. ஒரு செமஸ்டர் கல்லூரிப் பாடம் பொதுவாகப் பள்ளியின் ஓராண்டுப் பாடத்துக்கு ஈடாகக் கொள்ளப்படுகிறது. ஏ.பி.யைப் போல மே மாதத்தின் ஒரே ஒரு தேர்வில் எல்லாம் அடங்கிவிடுவதில்லை என்பதால், தேர்வு நாளில் தடுமாறும் பிள்ளைகளுக்கு இது பொருந்தும். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடாகும் என்பதை அசிஸ்ட் என்ற இணையத் தரவுத்தளத்தில் நீங்களே பார்க்கலாம்.

எச்சரிக்கை தேவைப்படும் இடங்களும் உள்ளன. 1 முதல் 5 வரை மதிப்பெண் தரும் ஏ.பி. தேர்வில் 2 வாங்கினால் அந்த மதிப்பெண்ணை அனுப்பாமல் விட்டுவிடலாம், கல்லூரிப் பாடத்தில் வாங்கிய சி கிரேடை அப்படி மறைக்க முடியாது. அது பிள்ளையின் நிரந்தரக் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) பதிவாகி, பின்னாளில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் கேட்கப்படும். வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகங்களைப் பிள்ளை குறிவைக்கிறான் என்றால் ஏ.பி.க்கே சாய்வது பாதுகாப்பானது. பள்ளிப் படிப்பை முடிக்கத் தேவையான பாடமாகவும் கணக்கிடப்பட்ட கல்லூரிப் பாடத்துக்கு அவற்றில் பல கிரெடிட் தருவதில்லை.

பெற்றோர் பலரைத் திடுக்கிட வைக்கும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா என்ற கல்விப் பதிவேட்டுத் தனியுரிமைச் சட்டப்படி, பதினாறு வயதுப் பிள்ளையானாலும், கல்லூரிப் பதிவேடுகளின் மீதான உரிமை மாணவருக்கே உரியது. கல்லூரிப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பி மகனின் மதிப்பெண்ணைக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. வகுப்புக்குப் பதிவு செய்வது, கெடு தேதிக்குள் விலகுவது, சந்தேகம் கேட்பது எல்லாவற்றையும் அவனே செய்தாக வேண்டும். அவன் அதற்குத் தயாரா என்பதை வைத்தே உங்கள் கேள்விக்கு விடை காணுங்கள்.

மொத்தம் எத்தனை ஏ.பி. எடுத்தால் போதும்? (நேப்பர்வில், இல்லினாய்)

எண் எதுவும் இல்லை. விண்ணப்பத்துடன் பள்ளியின் விவரக் குறிப்பும் செல்வதால், அந்தப் பள்ளியில் கிடைத்த வாய்ப்புகளுக்குள் பிள்ளை என்ன தேர்ந்தெடுத்தது என்றே அனுமதிக் குழுக்கள் பார்க்கின்றன. நான்கே ஏ.பி. பாடங்கள் உள்ள பள்ளியில் மூன்று எடுத்தவர், இருபத்தைந்து உள்ள பள்ளியில் எட்டு எடுத்தவருக்குக் குறைந்தவர் ஆகமாட்டார்.

தமிழ்ப் பள்ளியில் எட்டு ஆண்டுகள் படித்திருக்கிறாள். இதற்கு உயர்நிலைப் பள்ளியில் கிரெடிட் கிடைக்குமா, அல்லது ஸ்பானிஷ் எடுத்தே ஆக வேண்டுமா? (எடிசன், நியூ ஜெர்சி)

தமிழுக்கு ஏ.பி. தேர்வு கிடையாது. ஆனால் நியூ ஜெர்சியில் பள்ளிப் படிப்பை முடிக்கத் தேவையான ஐந்து உலகமொழி கிரெடிட்டுகளை, வகுப்பில் அமராமல் மொழித்திறனை நிரூபித்தும் பெற விதி இடம் தருகிறது. அவான்ட் நிறுவனத்தின் ஸ்டாம்ப் மொழித்திறன் தேர்வு வரிசையில் தமிழும் உண்டு. உங்கள் மாவட்டம் எந்தத் தேர்வை, எந்த நிலைத் தேர்ச்சியுடன் ஏற்கும் என்று பள்ளியின் கவுன்சிலரிடம் (கல்வி ஆலோசகரிடம்) எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேச்சில் தடையில்லாத பிள்ளைகளும் எழுத்தில் சறுக்குவதுண்டு என்பதால், தேர்வுக்கு முன் சில மாதங்கள் கட்டுரை எழுதும் பயிற்சி தேவை. 2011-இல் கலிபோர்னியா சட்டமாக்கிப் பின்னர் மற்ற மாநிலங்களுக்கும் பரவிய இருமொழித் திறன் முத்திரை என்ற அங்கீகாரத்தையும் இதே வழியில் பெறலாம்.

ஒரு தயக்கம் மட்டும் சொல்ல வேண்டும். சில கல்லூரிகள் தேர்ச்சிச் சான்றைவிட வகுப்பறையில் படித்த ஆண்டுகளையே எதிர்பார்க்கின்றன. விண்ணப்பிக்கவிருக்கும் கல்லூரிகளின் விதியைப் பார்த்த பிறகே ஸ்பானிஷைக் கைவிடுங்கள்.

மதுரையில் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்த மகனுடன் இந்த ஆண்டு வந்து சேர்ந்தோம். அவனும் உடனே ஏ.பி. எடுக்க வேண்டுமா? தமிழ்வழிக் கல்வி இங்கே குறையாகப் பார்க்கப்படுமோ என்றும் அஞ்சுகிறோம். (சாக்ரமென்டோ, கலிபோர்னியா)

வேண்டாம். முதல் ஆண்டின் வேலை, பள்ளிப் படிப்பை உரிய காலத்தில் முடிக்க வழி காண்பதுதான். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்பதாம் வகுப்பில் தொடங்குவதால், பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வுச் சான்றிதழ் மட்டும் போதாது. ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் பழைய பள்ளியிலிருந்து முத்திரையுடன் வாங்கி, தமிழில் இருப்பவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுங்கள். அவற்றைப் பார்த்தே எத்தனை கிரெடிட் வழங்குவது, எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பள்ளி முடிவு செய்யும். அமெரிக்க வரலாறு, அமெரிக்க அரசியலமைப்பு, பொருளியல் ஆகியவற்றை அவன் இங்கேதான் படித்தாக வேண்டும். கணிதத்தில் அவன் பெரும்பாலும் முன்னால் இருப்பான். இருபடிச் சமன்பாடுகளும் முக்கோணவியலும் கற்ற பையனை அல்ஜீப்ரா 1-இல் உட்கார வைத்தால், நிலையறியும் தேர்வு வைக்குமாறு உறுதியாகக் கேளுங்கள்.

தமிழ்வழிக் கல்வி இங்கே குறையாகப் பார்க்கப்படுமோ என்ற உங்கள் அச்சத்துக்கு நேர்மாறான செய்தி ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு நிலையிலோ அதற்கு மேலோ, ஆங்கிலம் அல்லாத மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளியில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் படித்திருந்தால், கலிபோர்னியா பல்கலைக்கழகம் கேட்கும் இரண்டாண்டு அயல்மொழிப் பாடத் தேவை நிறைவேறியதாகவே கொள்ளப்படுகிறது. மிச்சமாகும் அந்த இடத்தை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள்.

ஏ.பி. உயிரியலிலும் வேதியியலிலும் மகள் 5 வாங்கியிருக்கிறாள். மருத்துவம் படிக்க விரும்புகிறாள். கல்லூரியில் அந்தப் பாடங்களைத் தவிர்க்கலாமா? (அட்லான்டா, ஜார்ஜியா)

கல்லூரி அனுமதித்தாலும் அவசரப்பட வேண்டாம். மருத்துவக் கல்லூரிகள் பலவும் அடிப்படை அறிவியல் பாடங்களை ஆய்வகத்துடன் கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும் என்கின்றன. ஏ.பி.யை ஏற்பவையும் அதற்கு மேல்நிலைப் பாடம் ஒன்றைக் கேட்பதுண்டு. இந்த மதிப்பெண்களை ஏ.பி. ஆங்கிலம், வரலாறு போன்றவற்றின் கிரெடிட்டுடன் சேர்த்து, ஆய்வுப் பணிக்கு நேரத்தை விடுவிக்கும் விதத்தில் பயன்படுத்துவது நல்லது. மருத்துவக் கல்லூரிகளின் பொது விண்ணப்பமான ஆம்காஸ், பள்ளி நாட்களில் எடுத்த கல்லூரிப் பாடங்களின் கிரேடையும் ஜி.பி.ஏ.வில் சேர்த்துக்கொள்கிறது. மருத்துவக் கனவுள்ள பிள்ளைகள் டூயல் என்ரோல்மென்டில் ஒரு பாடத்தை எடுக்குமுன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ரன்னிங் ஸ்டார்ட் (பள்ளி மாணவர்கள் கம்யூனிட்டி கல்லூரியில் படிக்கும் வாஷிங்டன் மாநிலத் திட்டம்) வழியாகப் பள்ளியோடு சேர்த்து அசோசியேட் பட்டத்தையும் (இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டத்தையும்) முடித்துவிட்டால், மகன் இரண்டே ஆண்டுகளில் பொறியியல் பட்டம் பெற்றுவிடுவான் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். சரிதானே? (பெல்வியூ, வாஷிங்டன்)

பணக் கணக்கு ஓரளவு சரி, ஆண்டுக் கணக்கு பெரும்பாலும் தவறிப்போகிறது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இத்திட்டத்தில் கல்விக் கட்டணம் இல்லை. புத்தகம், பயணம், சில சிறு கட்டணங்கள் உங்கள் பொறுப்பு. அசோசியேட் பட்டத்துக்கு 90 குவார்ட்டர் (செமஸ்டரைவிடச் சிறிய பருவம்) கிரெடிட் தேவை. ஆனால் பொறியியல் பட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பாடச் சங்கிலி. மூன்று குவார்ட்டர் கால்குலஸ் முடியாமல் அதற்கடுத்த கணிதமும், அவையின்றி இயந்திரவியல் பாடங்களும் தொடங்கா. மானுடவியலிலும் உளவியலிலும் சேர்த்த கிரெடிட்டுகள் பொதுப் பாடத் தேவையை நிரப்புமே ஒழிய, இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியையும் குறைக்கமாட்டா. கால்குலஸ், இயற்பியல், வேதியியல் வரிசைகளை இப்போதே தொடங்கினால் மட்டும் மூன்று ஆண்டுகளில் முடிப்பது சாத்தியம். அப்போதும் விரும்பிய துறையில் இடம் கிடைத்திருக்க வேண்டும்.

எத்தனை கிரெடிட் இருந்தாலும் பள்ளியை முடித்த கையோடு விண்ணப்பிப்பவர் பொதுவாக முதலாண்டு மாணவராகவே கருதப்படுவார், அதனால் முதலாண்டு மாணவர்களுக்கான உதவித்தொகைகள் கைநழுவா. வெளிமாநிலக் கல்லூரிகளைப் பார்ப்பதாக இருந்தால் நிலை வேறு. கால்டெக் ஏ.பி. மதிப்பெண்ணுக்குக் கிரெடிட் தருவதில்லை. டார்ட்மத் கல்லூரியும் கிரெடிட் தராமல், மேல்நிலை வகுப்பில் சேர மட்டுமே அதைப் பயன்படுத்துகிறது. உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரியின் கிரெடிட் விதியையும், அந்தக் குறிப்பிட்ட துறையின் நான்காண்டுப் பாட அட்டவணையையும் அருகருகே வைத்து, மகனையே கோடு போட்டு நிரப்பச் சொல்லுங்கள்.

ஏ.பி. தேர்வுக்கு எப்போது பதிவு செய்ய வேண்டும்? (கேரி, வட கரோலினா)

தேர்வு மே மாதத்தின் முதல் இரு வாரங்களில் நடந்தாலும், பதிவு நவம்பரிலேயே முடிந்துவிடுகிறது. தாமதித்தால் கூடுதல் கட்டணம் உண்டு. 2025-இல் அமெரிக்காவுக்குள் பெரும்பாலான தேர்வுகளுக்குக் கட்டணம் 99 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை இருக்கிறது, பள்ளியின் ஏ.பி. ஒருங்கிணைப்பாளரைக் கேளுங்கள். ஆண்டுதோறும் ஜூன் 20-க்குள் ஒரு கல்லூரியைக் குறிப்பிட்டால் அதற்கு மட்டும் மதிப்பெண்களை இலவசமாக அனுப்புவார்கள்.