முதல் ரீலோடிங் பிரஸ்: எந்த வகை வாங்கலாம்?

சுட்டு முடிந்த தோட்டாக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் ஏற்றி மீண்டும் தோட்டாவாக்கும் கருவிதான் ரீலோடிங் பிரஸ். உரிமம் பெற்றவர் முதலில் வாங்க வேண்டியது சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்தான். ஒரு நேரத்தில் ஒரே டை (கூட்டை அளவுக்குக் கொண்டுவரவும் குண்டைப் பொருத்தவும் மாட்டும் அச்சு), கைப்பிடியின் ஒரு இழுப்புக்கு ஒரே வேலை. மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் ஒவ்வொரு கூடும் உங்கள் கையில் வந்துபோவதால், மருந்து இரட்டிப்பாக விழுந்ததும் விழாமலே போனதும் கண்ணில் படும். இரட்டிப்பானால் அதே சூட்டில், விழாமல் போனால் குண்டு குழலில் சிக்கி அடுத்த சூட்டில் என, இரண்டுமே துப்பாக்கியைப் பிளந்து உயிருக்கே உலை வைக்கக்கூடிய பிழைகள். வேகத்தைவிட இது எனக்கு முக்கியம்.

டரெட் வகையில் டைகள் சுழலும் தலையிலேயே இருக்கும், மாற்றும் நேரம் மிச்சம். புரோகிரசிவில் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா தயார். ஆயிரக்கணக்கில் சுடும் போட்டியாளர்களுக்கே அது.

ரைஃபிள் கூடுகளை அளவுக்குக் கொண்டுவர நல்ல விசை தேவை. வளையாத வார்ப்பிரும்புச் சட்டமாகப் பாருங்கள். டை மாட்டும் மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 சுற்று என்றிருந்தால் பெரும்பாலான டைகள் பொருந்தும்.