பஸ் வரும் நேரத்தை எழுதிவைக்கும் மகள்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதமும், கூடவே அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் போட்டோவும் கிடைத்தன. பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கடைசி வருடம் படிக்கிற பெண் பேங்க் பரீட்சைக்குத் தயாராகாமல் பஸ் ஸ்டாப்பில் நின்று நேரம் குறிக்கிறாள், பொதுப் போக்குவரத்தை ஆராயப் போகிறேன் என்கிறாள், இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. அதற்கு முன்னால் அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

7.42, 7.44, 8.02, 8.04, 8.22, 8.24. ஒரே தடத்து பஸ் உங்கள் ஸ்டாப்புக்கு வந்த நேரங்கள் இவை. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பது அட்டவணை. ஒரு மணி நேரத்துக்கு ஆறு பஸ் வர வேண்டும், ஆறும் வந்துவிட்டது. டெப்போ கணக்கில் ஒரு டிரிப்கூட ரத்தாகவில்லை. ஆனால் ஸ்டாப்பில் நிற்பவர்கள் "பஸ்ஸே வரலை" என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

பஸ் சீராக வந்தால் ஒருவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். இப்படி ஜோடி ஜோடியாக வரும்போது என்ன ஆகிறது? நிமிடத்துக்கு ஒருவர் ஸ்டாப்புக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்தில் வரும் இருபது பேரில் பதினெட்டுப் பேர், ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவே உள்ள பதினெட்டு நிமிட இடைவெளியில் மாட்டிக்கொண்டு சராசரியாக ஒன்பது நிமிடம் நிற்கிறார்கள். மீதி இரண்டு பேர் மட்டும் ஒரு நிமிடத்தில் ஏறிவிடுகிறார்கள். மொத்தச் சராசரி 8.2 நிமிடம். அதே ஆறு பஸ், அதே டீசல், அதே டிரைவர்கள். காத்திருப்பு மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது. கூட்டமெல்லாம் முதல் பஸ்ஸில் தொங்க, பின்னால் வரும் பஸ் காலியாக ஓடுகிறது. முன்னால் போகிற பஸ் கொஞ்சம் தாமதமானால் ஸ்டாப்பில் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள், ஏற்றி இறக்க நேரமாகும், இன்னும் தாமதமாகும். பின்னால் வருவது ஏற்ற ஆள் இல்லாமல் அதை எட்டிப் பிடித்துவிடும். புது பஸ் வாங்காமலே, டெர்மினஸிலிருந்து பஸ்ஸை விடுகிற விதத்தை மாற்றினால்கூட இதில் ஓரளவு சரிசெய்யலாம்.

லண்டனில் அடிக்கடி பஸ் ஓடும் தடங்களில், அட்டவணைப்படி நிற்க வேண்டியதைவிடப் பயணிகள் எத்தனை நிமிடம் கூடுதலாக நின்றார்கள் என்பதை அளந்து, அதைப் பொறுத்து பஸ் நடத்தும் நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை தருகிறார்கள், பிடித்தமும் செய்கிறார்கள். உங்கள் மகள் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு அதையேதான் அளந்திருக்கிறாள்.

சரி, வேலை. சென்னையில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிட கும்டா என்ற அமைப்பு இருக்கிறது. 2025-இல் வந்த சென்னை ஒன் செயலியில் ஒரே க்யூஆர் டிக்கெட்டில் மூன்றிலும் போக முடிகிறது. இதற்குப் பின்னால் தடம், நிறுத்தம், நேரம், டிக்கெட் என்று மலைபோல் தரவு சேர்கிறது. அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். மெட்ரோ நிறுவனங்கள், போக்குவரத்து ஆலோசனை நிறுவனங்கள், நகர ஆய்வு செய்யும் தொண்டு அமைப்புகள், ஐஐடி ஆராய்ச்சித் திட்டங்கள் ஆகியவற்றிலும் இடம் உண்டு. ஒன்றை மறைக்க விரும்பவில்லை. தொடக்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள், திட்டம் முடிந்தால் அடுத்தது தேட வேண்டும். பேங்க் வேலையின் நிம்மதி முதல் சில வருடங்களுக்கு இருக்காது. அதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

படிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. போக்குவரத்துப் பொறியியலில் எம்.இ., எம்.டெக். சேர பொறியியல் பட்டம், பெரும்பாலும் சிவில், படித்திருக்க வேண்டும். அந்த வழி அவளுக்கு இல்லை. அதனால் எம்.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சேரட்டும், ப்ராஜெக்ட்டைப் போக்குவரத்தில் செய்யட்டும். நகரத் திட்டமிடல் படிப்புகள் சிலவற்றில் மற்ற துறைகளில் முதுகலை முடித்தவர்களையும் எடுக்கிறார்கள். எந்தெந்தப் பாடம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், அந்தந்த வருட விவரக் குறிப்பைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தரவை அலச ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி மொழி, கூடவே வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள், இவற்றைக் கற்கட்டும். மூன்றும் இலவசம், வீட்டிலேயே பழகலாம். 'டேட்டா சயின்ஸ், வேலை உறுதி' என்று லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள்.

பழகுவதற்குத் தரவும் காசில்லாமல் கிடைக்கிறது. டெல்லி அரசு 2018 முதல் பஸ் தரவைப் பொதுவில் தருகிறது, பஸ் இப்போது எங்கே போகிறது என்பது உட்பட. கொச்சி மெட்ரோவும் அதே வருடம் தன் நேர அட்டவணையை வெளியிட்டது. இரண்டுமே ஜிடிஎஃப்எஸ் என்ற, தடம், நிறுத்தம், நேரம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுதிவைக்கும் பொதுவான கோப்பு வடிவத்தில் இருக்கும். 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது அது. இன்று உலகம் முழுக்க அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் கம்ப்யூட்டரில் இறங்கிய பிறகும் ஸ்டாப்பில் நிற்பதை அவள் விடக் கூடாது. டிக்கெட் மெஷின் ஏறியவர்களைத்தான் எண்ணும். கூட்டத்தைப் பார்த்து ஏறாமல் விட்டவர், காத்திருந்து சலித்து ஷேர் ஆட்டோவில் போனவர், இருட்டிவிட்டதென்று வேலைக்கே போகாமல் நின்றுவிட்ட பெண், இவர்கள் யாரும் அதில் வர மாட்டார்கள். மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் ஏறினார்கள் என்பதைக் கண்டக்டர் தரும் டிக்கெட் சொல்லிவிடும். பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்பது, மாநிலத் திட்டக் குழு அவர்களிடமே கேட்டதால்தான் தெரிந்தது.

அதனால் இந்த விடுமுறையில் இரண்டு வாரம், காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை, அவள் அதே ஸ்டாப்பில் குறிக்கட்டும். நேரத்தோடு, எத்தனை பேர் நின்றபடி போகிறார்கள், எத்தனை பேர் ஏற முடியாமல் தங்கிவிட்டார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஒருநாள் நீங்களும் கூடப் போய் நில்லுங்கள் அம்மா. பத்தாவது நாளும் அலுக்காமல் போகிறாள் என்றால் இந்தத் துறை அவளுக்கு ஒத்துவரும்.

அப்புறம் இருவரும் என்னை வந்து பாருங்கள். மார்க் ஷீட்டோடு அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.